தடுப்பு கட்டியவர்

ஒத்திகையில் மூன்றாம் முறையாகவும் சட்சுயே அந்த ஒரு வரியைப் பாடவில்லை. மற்ற ஒன்பது பெண்களும் அட்டைப்பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, பதினாறு வயதுப் பையனாக நடிப்பவனைப் பார்த்து, "நன்றி மசாட்டோ, மானம் காத்த மசாட்டோ" என்று ராகம் இழுத்தார்கள். சட்சுயே பெட்டியைக் கீழே வைத்தாள், வாயையும் திறந்தாள், சத்தம் மட்டும் வரவில்லை.

"ஆன்ட்டி, வரி மறந்துபோச்சா?" என்று கேட்டாள் மெகன். நாடகத்தை எழுதியவளும் அவள்தான், எல்லாரையும் ஆட்டிவைப்பவளும் அவள்தான். வயது இருபத்தொன்பது.

"மறக்கல. தொண்டை கட்டிக்கிச்சு."

"வெந்நீர் குடிங்க. ஞாயித்துக்கிழமை அரங்கேற்றம், இன்னிக்கு வியாழன். ஞாபகம் இருக்கட்டும்."

தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. சியாட்டிலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த தொண்டை அது. புத்தர் கோயில் விருந்தில் சோறு குறைந்தால் அடுக்களையிலிருந்தே வாசலுக்குச் சேதி சொல்லக்கூடியது. எழுபத்துநாலு வயதிலும் அப்படியே இருக்கிறது. பிரச்சினை தொண்டையில் இல்லை, மசாட்டோவில்.

வால்ட்டர் மசாட்டோ குனிமுரா என்றால் எங்கள் ஜாக்சன் தெரு ஜப்பானியர்களுக்குப் பெருமை பிடிபடாது. ஓட்டலில் செருப்புத் துடைத்தவரின் மகன் கட்டடக்கலைஞனாகி நூலகங்கள் கட்டினான், ஆஸ்பத்திரி கட்டினான், இரண்டு ஊர்களுக்கு விமான நிலையம் கட்டினான். எதைக் கட்டினாலும் உள்ளே மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கி நிறுத்தி ஒரு தடுப்பு வைப்பான். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவன் இறந்து நாலு வருஷம் கழித்து, அவன் வாழ்க்கையைப் பதினாலு பாட்டில் இசை நாடகமாக்கினாள் மெகன். ஏழாவது பாட்டுதான் இந்த அட்டைப்பெட்டிப் பாட்டு. அந்தப் புகழ்பெற்ற தடுப்பு எங்கே பிறந்தது என்று அதில் வரும். கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தடுப்பு பிறந்த இடம் கக்கூஸ். அதில் பொய் இல்லை. நாற்பத்திரண்டில், ஜப்பானோடு போர் மூண்டதும், ஜப்பானிய முகம் வைத்திருந்த குற்றத்துக்காக அரசாங்கத்தார் ஊரையே அள்ளிக்கொண்டுபோய் ஐடஹோ பாலைவனத்தில், மினிடோகா முகாமில் கொட்டினார்கள். பன்னிரண்டாம் பிளாக்கில் பெண்களுக்கென்று ஒரு கொட்டகை. அதில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு ஓட்டை, நடுவே ஒரு மறைப்பும் கிடையாது. எங்கள் அம்மாக்கள் பால் டின் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அதைச் சுற்றி நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு நவம்பரில் மூன்றே நாளில் அங்கே பலகைத் தடுப்பு எழும்பியது.

கட்டியது மசாட்டோ இல்லை. சட்சுயேயின் அண்ணன் ஹிரோமு. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. கட்டி முடிக்காத கொட்டகைகளுக்கென்று குவித்து வைத்திருந்த பலகைகளைக் காவல்காரன் கண்ணில் மண்ணைத் தூவி இழுத்துவந்தான். பதிமூன்று வயது சட்சுயே தரையில் கிடந்த வளைந்த ஆணிகளைப் பொறுக்கி, கல்லில் வைத்து நிமிர்த்திக் கொடுத்தாள். அவள் கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. மசாட்டோவும் அங்கேதான் இருந்தான். பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதை அவள் ஏன் முதல் ஒத்திகையிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், ஹிரோமு சகுமா என்ற பெயர் எங்கள் ஆட்கள் வாயில் வராத பெயர். நாற்பத்துநாலில் அதே முகாமுக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஓலை வந்தது. ஹிரோமு போகவில்லை. "எங்கம்மாவக் கம்பிவேலிக்குள்ள வச்சுக்கிட்டு என்னத் துப்பாக்கி தூக்கச் சொல்றீங்க. அவங்கள வெளிய விடுங்க, நாளைக்கே வர்றேன்" என்று நீதிமன்றத்தில் சொன்னான். மூன்று வருஷம் உள்ளே போட்டார்கள். அதே நேரம் பட்டாளத்தில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிரான்சுக் காட்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். விடுதலையாகிச் சியாட்டிலுக்கு வந்தவனுக்குப் பக்கத்தில் கோயில் கூடத்தில் யாரும் உட்காரவில்லை. கோழை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள்கூடக் குறைவுதான். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லாமல் அவனைத் தாண்டிப் பார்த்தார்கள். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஸ்போக்கேனுக்குத் தச்சு வேலைக்குப் போய்விட்டான்.

சட்சுயே கட்டிக்கொண்டது டாக் என்கிற டகுஜியை. பிரான்சுக் காட்டில் இடது காலில் குண்டு வாங்கி, பதக்கத்தோடும் தடியோடும் திரும்பி வந்தவர். அவளுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமான மறுவாரம், "அந்த ஆள் பேச்சு இந்த வீட்ல வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. வருஷா வருஷம் ஆப்பிள் வாங்கப் போகிறேன் என்று சட்சுயே ஸ்போக்கேன் பஸ் ஏறுவாள். அண்ணனோடு ஒரு நாள் இருந்துவிட்டு, ஆப்பிள் கூடையோடு வருவாள். எண்பத்தொன்றில் அவன் இறந்தபோது கூடை இல்லாமல் வந்தாள். டாக் ஒன்றும் கேட்கவில்லை.

நாடகத்துக்கு நிஜமான கிழவிகள் வேண்டும் என்று மெகன் கேட்டபோது சட்சுயே சரி என்றுவிட்டாள். ஏழாவது பாட்டைக் கேட்ட பிறகு விலகியிருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்டபின் விலகி நாலு பேருக்குச் சிரமம் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குச் செத்தாலும் வராது. ஆகவே வாயை மட்டும் அசைத்துச் சமாளித்துவிடலாம் என்று இருந்தாள்.

அன்று இடைவேளையில் கையில் சோற்றுருண்டையோடு சுவர்ப் பக்கம் போனாள். மசாட்டோவின் அம்மா முகாமில் எழுதிய நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்களை நகலெடுத்து மெகன் அங்கே ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவளே செய்த மொழிபெயர்ப்பு. சட்சுயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கடினமான சீன எழுத்துகள் குறைவு, பெண்பிள்ளைகள் எழுதும் சுலப எழுத்துதான், படிக்க முடிந்தது. 'மசாட்டோவுக்கு இருமல் தேவலை. கழிப்பறையில் பலகைத் தடுப்பு' என்று வந்து, கடைசியில் 'கொஷிராயெத்தே குதாசத்தா' என்று முடிந்தது. கீழே மெகனின் தட்டச்சில், 'என் மகன் தடுப்புக் கட்டிக் கொடுத்தான்' என்று இருந்தது.

சோற்றுருண்டை வாயிலேயே நின்றது. அவள் இரண்டாம் தடவை படித்தாள். பிறகு திரும்பி, பள்ளிக்கூடத் தொண்டையில், "மெகன், இங்க வா" என்றாள்.

மெகன் காபிக் கோப்பையோடு வந்தாள்.

"இந்த 'என் மகன்' எங்கேருந்து வந்தான்?"

"முந்தின வரியில மசாட்டோ இருக்காரே ஆன்ட்டி. ஜப்பான் மொழியில யார் செஞ்சாங்கன்னு எழுதவே மாட்டாங்க. நாமதான் பாத்துப் போட்டுக்கணும். மூணு வருஷம் காலேஜ்ல படிச்சிருக்கேன்."

"பாத்துப் போட்டியா, பாக்காம போட்டியா? கடைசி வார்த்தையப் படி."

"குதாசத்தா. குடுத்தான்."

"குடுத்தான் இல்ல. குடுத்தருளினாங்க. அசலாருக்குச் சொல்ற வார்த்தை, மரியாதை வச்சுச் சொல்றது. உங்கம்மா உன்னப் பத்தி அடுத்த வீட்ல என்ன சொல்வா? 'மகளார் எழுந்தருளியிருக்கிறார்'னா?"

மெகனுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கம்மாவா? 'கழுத வந்து சேந்துச்சு'ம்பா."

"குனிமுரா அம்மாவும் அப்படித்தான். பெத்த பிள்ளைக்கு மரியாதை போட்டு எழுத அவங்களுக்கு என்ன பைத்தியமா?"

மெகன் சிரிப்பை நிறுத்தினாள். சுவரில் இருந்த வரியைப் பார்த்தாள், தன் மொழிபெயர்ப்பைப் பார்த்தாள், மறுபடியும் வரிக்குப் போனாள். காது மடல் சிவந்துவிட்டது.

"அப்ப வேற யாரோ கட்டியிருக்காங்க."

"வேற யாரோதான்."

"யாருன்னு தெரியுமா ஆன்ட்டி?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். முகாமில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். பழைய போர்வீரர் சங்கத்துக்கு முதல் இரண்டு வரிசையை ஒதுக்கியிருந்தார்கள், இரண்டாவது வரிசையில் டாக்கின் நாற்காலி. இந்த வயதில் வீட்டில் ஒரு சண்டையும் ஊரில் ஒரு பேச்சும் எதற்கு என்று அவள் நினைக்கத்தான் செய்தாள். ஆனால் இப்போது விட்டால், மசாட்டோ கட்டியதாகப் பாட்டு பாடி, பாட்டு ஊர் ஊராகப் போய், தன் அண்ணன் கையால் செய்த ஒரே நல்ல காரியமும் அவனுக்கு இல்லாமல் போகும்.

"ஹிரோமு சகுமா" என்றாள். "எங்க அண்ணன்."

பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது.

"சண்டைக்குப் போகமாட்டேன்னு ஜெயிலுக்குப் போனவரா? அவருக்குத் தங்கச்சி இருக்கிறதே எனக்குத் தெரியாதே ஆன்ட்டி" என்றாள் மெகன்.

"உன் வயசுக்காரங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்க தெரியாத மாதிரி இருப்பாங்க. நானும் அதையேதான் செஞ்சேன்."

"மசாட்டோ பொய் சொல்லிட்டாரா?"

"அவன் மேல பழி போடாத. அவன் பலகையப் பிடிச்சான், மூணு நாளும் பிடிச்சான். யாரும் கேக்கல, அவனும் சொல்லல. நம்ம ஆளுங்களுக்குச் சொல்லாம இருக்கிறதுதான் கை வந்த கலையாச்சே."

மெகன் நகத்தைக் கடித்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "முன்வரிசை ஆளுங்க சும்மா இருக்கமாட்டாங்க ஆன்ட்டி. உங்க வீட்டுக்காரரும் அங்கதான்" என்றாள்.

"என் வீட்டுக்காரர நான் பாத்துக்கிறேன். நீ மாத்துவியா, மாட்டியா?"

"மாத்தாம? தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் பாடச் சொல்றது? எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

மறுநாள் மதியம் டாக் சோற்றில் தேநீரை ஊற்றி, முள்ளங்கி ஊறுகாயைக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தார். சட்சுயே உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"ஏழாவது பாட்ட மாத்துறாங்க. தடுப்பு கட்டினது எங்க அண்ணன்னு நான்தான் சொன்னேன். பேரு வரும்."

கறுக் சத்தம் நின்றது.

"மேடையிலயா?"

"மேடையில. பாட்டுல. சத்தமா."

டாக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். கிண்ணம் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

"நான் வரல."

"உங்க இஷ்டம்."

"சங்கத்து ஷிக்கும் மத்தவங்களும் எழுந்து போயிடுவானுங்க."

"அது அவங்க இஷ்டம்."

ஐம்பத்துமூன்று வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியது இல்லை. பேசிவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த கிண்ணத்தையே மறுபடியும் கழுவினாள். அவர் கூப்பிடவும் இல்லை, அதற்குப் பிறகு இரண்டு நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ஞாயிறு மதியம் அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனாள். கூடம் நிறைந்திருந்தது. திரை ஓரத்திலிருந்து பார்த்தாள். முன்னால் இரண்டு வரிசை போர்வீரர் சங்கத்து நீலத் தொப்பிகள், இரண்டாவது வரிசையில் ஒரு காலி நாற்காலி. மேடையில் மசாட்டோவின் அப்பா செருப்புத் துடைத்துப் பாடினார், அம்மா துணி துவைத்துப் பாடினாள், போர் வந்தது, ரயில் வந்தது. ஆறு பாட்டு முடிந்தது. சட்சுயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்ற ஒன்பது பேரோடு மேடை ஏறினாள்.

மசாட்டோவாக வந்த பையன் ஒரு பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "பலகை பிடித்தவன் நான், ஆணி அடித்தவர் அவர்" என்று பாடினான். பிறகு பெயரைப் பாடினான். ஹிரோமு சகுமா. மெகன் அதற்கென்று மெட்டை நீட்டி வைத்திருந்தாள், பெயர் கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போயிற்று.

முன்வரிசையில் ஷிக் எழுந்தார். அவரோடு இன்னொரு தொப்பியும் எழுந்தது. இருவரும் நடுவழியாகவே வெளியே நடந்தார்கள். மற்றத் தொப்பிகள் உட்கார்ந்திருந்தன, ஆனால் ஆடவில்லை அசையவில்லை. பெண்கள் பெட்டிகளைக் கீழே வைத்தார்கள். "நன்றி, ஹிரோமு சகுமா" என்று சட்சுயே பாடினாள். மற்ற ஒன்பது குரலும் அவள் குரலுக்குள் காணாமல் போயின. வெளியே போகிறவர்களின் முதுகுக்கு அப்பால், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தடியோடு டாக் நிற்பதை அவள் அப்போதுதான் கண்டாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

நாடகம் முடிந்து முன்கூடத்தில் தேநீரும் அரிசி பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். சட்சுயே வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்தபோது டாக்கை, அதுவரை வாசலில் காத்திருந்த ஷிக் மடக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பள்ளி, ஒரே பட்டாளம், ஐம்பது வருஷச் சீட்டாட்டக் கூட்டாளிகள்.

"உன் பொண்டாட்டிய நீ கேக்கமாட்டியாடா? அந்தக் காட்டுல செத்தவன் பேரு ஒண்ணாவது அந்தப் பாட்டுல வந்துச்சா? ஓடி ஒளிஞ்சவன் பேரு வருது."

"ஓடி ஒளியலடா. நேரா ஜட்ஜ் முன்னாடி போய் நின்னான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"உங்கம்மா எந்த பிளாக்ல இருந்தாங்க, ஷிக்?"

"உங்க பிளாக்குதான். பன்னெண்டு. அதுக்கென்ன இப்ப?"

"எங்கம்மா மொத ரெண்டு மாசம் சரியாச் சாப்பிடல. தண்ணிகூடக் குடிக்கமாட்டா. குடிச்சா அங்க போகணுமேன்னு. எலும்பும் தோலுமா ஆயிட்டா. நாங்க ஏதோ சீக்குன்னு நெனச்சோம். அவன் பலகை அடிச்ச மறுநாள் தட்டு நிறையச் சோறு வாங்கினா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். உங்கம்மா எதிர்ல உக்காந்திருந்தாங்க. அவங்களும் ரெண்டாந்தரம் வாங்கினாங்க."

ஷிக் கையில் இருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கோட்டைத் தேடிப் போனார். இரண்டு மூன்று பெண்கள் சட்சுயேயின் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம், தலை உச்சி வரைக்கும்.

வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டவள் திருகவில்லை.

"உங்களுக்குத் தெரியும்."

"ம்."

"கட்டின அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கே."

"அம்பத்திமூணு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நான் ஒருத்தியா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

டாக் தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் நல்லவன்னு நான் ஒத்துக்கிட்டா, அவன் சொன்னதும் சரின்னு ஆகும். அது சரின்னா, என் பக்கத்துல விழுந்தானே கஸுவோ, அவன் எதுக்குச் செத்தான்னு யோசிக்கணும். என்னால முடியல, சட்சுயே. இன்னிக்கும் முடியல. ஆனா அந்தப் பையன் பலகையோட வந்து நின்னதும் எங்கம்மா தட்டுதான் கண்ணு முன்னால வந்துச்சு."

அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததனால் கோபம் குறையவில்லை.

"அண்ணன் சாவுக்கு என்னையும் சேத்து அஞ்சு பேர் வந்தோம்" என்றாள். "சவப்பெட்டியத் தூக்க ஆறு பேர் வேணும். ஒரு பக்கம் நான் தூக்கினேன். ஆறாவது ஆளுக்குச் சவப்பெட்டி விக்கிறவன் வந்து கை குடுத்தான், முகம் தெரியாதவன். அது உங்க எடம்."

வண்டிக் கண்ணாடியில் இருவர் மூச்சும் படிந்து வெளியே இருந்த ஆட்கள் மங்கிப்போனார்கள்.

"ஆமா" என்றார் டாக். "என் எடம்தான்."

சட்சுயே கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.